இரண்டு கம்பெனி ஒன்றாகும்போது: கொடுத்த விலை கணக்கில் எங்கே போய் நிற்கிறது?

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ ஆடிட்டர் ஆபீசில் ஆர்டிகிள் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வருடம் ஜிஎஸ்டி, டிடிஎஸ், வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் என்றே ஓடிவிடும். அப்புறம் ஒரு நாள் சீனியர் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இந்த ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகுது, என்ட்ரி போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பரீட்சையில் எந்த முறைப்படி செய்ய வேண்டும் என்று கேள்வித்தாளே சொல்லிவிடும். ஃபைல் சொல்லாது. எந்த முறை என்று கண்டுபிடிப்பதே வேலையில் பாதி.

அந்தப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தியாவின் ஏஎஸ் 14, இண்ட் ஏஎஸ் 103, சர்வதேச ஐஎஃப்ஆர்எஸ் 3, அமெரிக்காவின் யுஎஸ் காப் என்று நான்கு கணக்குத் தரநிலைகளின் பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். நான்கையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: ஒரு கம்பெனிக்காகக் கொடுத்த விலை, கணக்கில் எங்கே போய் நிற்கிறது? ஒரு முறையில் அது முழுதாகத் தெரியும். இன்னொன்றில் சில வருடம் தெரிந்து கரையும். மற்றொன்றில் தெரியவே தெரியாது.

கையில் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம்

கற்பனைக் கணக்குதான். நெல்லை டவுனில் அல்வாவும் மிக்சரும் செய்து விற்கும் ஒரு பிரைவேட் லிமிடெட். அதை டவுன் கம்பெனி என்போம். அம்பாசமுத்திரத்தில் அதே தொழில் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று. அது அம்பை கம்பெனி. அம்பை, டவுனோடு சேர்ந்து கலைந்துவிடப் போகிறது.

அம்பையின் பேலன்ஸ் ஷீட்டில் நிலமும் கட்டடமும் 80 லட்சம், இயந்திரங்கள் 40, சரக்கு 30, வரவேண்டிய பாக்கி 20, வங்கி இருப்பு 10. ஆக 180 லட்சம். வங்கிக் கடன் 60, சர்க்கரை, நெய் வாங்கிய வகையில் கொடுக்க வேண்டியது 20. மிச்சம் 100 லட்சம். அந்த 100-இல் பங்கு மூலதனம் 50, பொதுக்காப்பு (ரிசர்வ்) 30, இலாப நட்டக் கணக்கின் மிச்சம் 20.

டவுன் கம்பெனி அம்பையின் பங்குதாரர்களுக்குத் தன் பங்குகள் 8 லட்சத்தைக் கொடுக்கிறது. பங்கின் முக மதிப்பு 10 ரூபாய். நியாய மதிப்பு, அதாவது இன்று சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய விலை, 30 ரூபாய். முக மதிப்பில் பார்த்தால் 80 லட்சம், நியாய மதிப்பில் 240 லட்சம். இந்த 240-தான் விலை. இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்தத் தரநிலை நம் கம்பெனிக்கு?

இதைச் சரிபார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள். 2016 ஏப்ரல் 1 முதல், நிகர மதிப்பு 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகள் இண்ட் ஏஎஸ்-க்குள் வந்தன. 2017 ஏப்ரல் 1 முதல், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட மற்ற கம்பெனிகளும், பட்டியலிடாதவற்றில் 250 கோடியைத் தொட்டவையும் சேர்ந்தன. சிறு, நடுத்தரக் கம்பெனிகளுக்கான எஸ்எம்இ தளத்தில் பட்டியலிட்டவற்றுக்கு விலக்கு உண்டு. வங்கிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. இதில் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தாய்க் கம்பெனி இண்ட் ஏஎஸ்-க்குள் இருந்தால் அதன் துணை நிறுவனங்களும் எவ்வளவு சிறியதானாலும் உள்ளே வந்துவிடும். அதனால் உங்கள் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டோடு நிறுத்தாமல் அதன் பங்குகள் யார் கையில் என்றும் பாருங்கள்.

நம் பக்கத்துக் கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்த வரம்புகளுக்குக் கீழேதான். அவற்றுக்கு ஏஎஸ் 14. பட்டியலிட்ட பெரிய கம்பெனி என்றால் இண்ட் ஏஎஸ் 103. ஐஎஃப்ஆர்எஸ்ஸும் யுஎஸ் காப்பும் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் செய்யும் ஏடிசி இருக்கிறதே, அதன் தாய்க் குழுமத்தை 2016-இல் ஜப்பானின் யோகோஹாமா ரப்பர் வாங்கியது. இப்படி முதலாளி வெளிநாட்டில் இருக்கும் ஆலையில் கணக்கு வேலைக்குப் போனால், உள்ளூர்க் கணக்கு ஒன்று, தாய்க் கம்பெனிக்கு அவர்கள் தரநிலையில் அனுப்பும் கணக்கு இன்னொன்று என்று இரண்டு வேலை. ஜப்பான் நாட்டு முறையில் நற்பெயரை (குட்வில், வாங்கிய நிகரச் சொத்தின் மதிப்புக்கு மேல் கொடுத்த விலை) 20 ஆண்டுக்குள் போக்கெழுத வேண்டும், அதாவது வருடா வருடம் கொஞ்சமாகச் செலவில் கழிக்க வேண்டும். ஐஎஃப்ஆர்எஸ் முறையில் போக்கெழுதவே கூடாது. எந்த முறையில் கேட்கிறார்கள் என்று தெரியாமல் எண்களை அனுப்பினால் அங்கே போய்த் தப்பாக நிற்கும்.

இரண்டாம் படி: வாங்குவது தொழிலா, வெறும் சொத்தா?

ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். நான்கு காற்றாலைகள் மட்டும் வைத்திருக்கும் ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்குகிறது என்று வையுங்கள். பெயரளவில் கம்பெனி, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே மாதிரியான நான்கு காற்றாடிகள். இது தொழில் கையகப்படுத்தலா, சொத்து வாங்கியதா?

2020 முதல் ஐஎஃப்ஆர்எஸ் 3-இலும் இண்ட் ஏஎஸ் 103-இலும் இதற்கென ஒரு சோதனை இருக்கிறது. வாங்கிய மொத்தச் சொத்துகளின் நியாய மதிப்பில் ஏறக்குறைய முழுவதும் ஒரே சொத்திலோ ஒரே வகைச் சொத்துகளின் தொகுதியிலோ அடங்கிவிட்டால், அது தொழில் இல்லை என்று முடிவு கட்டலாம். இந்த இரண்டிலும் சோதனையைச் செய்வதும் விடுவதும் கம்பெனியின் விருப்பம். யுஎஸ் காப்பில் கட்டாயம். அதனால் ஒரே காற்றாலைக் கம்பெனி அமெரிக்கக் கணக்கில் சொத்தாகவும், நம் கணக்கில் தொழிலாகவும் நிற்க வாய்ப்பு உண்டு.

இதில் என்ன வித்தியாசம் வந்துவிடும்? சொத்து என்றால் நற்பெயரே கிடையாது. கொடுத்த விலை முழுவதையும் சொத்துகளுக்குள் பங்கிட்டு ஏற்ற வேண்டும், வக்கீல் செலவு, முத்திரைத்தாள் செலவு உட்பட. தொழில் என்றால் அந்தச் செலவுகள் அந்த ஆண்டின் இலாபத்தில் கழிந்துவிடும்.

அம்பை கம்பெனியில் ஆட்கள் இருக்கிறார்கள், அடுப்பு எரிகிறது, வாடிக்கையாளர் வருகிறார்கள். அது தொழில்தான். மேலே போவோம்.

மூன்றாம் படி: இரண்டு பக்கமும் ஒரே ஆட்களா?

நெல்லைச் சீமையில் இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் பாதி ஃபைல்கள் தப்பாகிப் போகும். இங்கே குடும்பக் கம்பெனிகள்தான் அதிகம். அண்ணாச்சி ஒருவர் வந்து உட்கார்ந்து, "ரெண்டும் எங்க வீட்டுக் கம்பெனிதான் தம்பி, இதுல என்ன விலை, என்ன நியாய மதிப்பு?" என்று கேட்பார். நியாயமான கேள்வி.

இணைப்புக்கு முன்னும் பின்னும் இரண்டு கம்பெனிகளின் கட்டுப்பாடும் அதே ஆட்களிடம் நிலையாக இருந்தால் அது பொதுக் கட்டுப்பாடு. இண்ட் ஏஎஸ் 103-இன் பின்னிணைப்பு சி இதற்குத் தனி வழி சொல்கிறது. சொத்தும் கடனும் ஏற்கெனவே கணக்கில் நிற்கும் புத்தக மதிப்பிலேயே வரும், காப்புகள் அதே பெயரோடு வரும், நற்பெயர் பிறக்காது, கொடுத்ததற்கும் அங்கிருந்த பங்கு மூலதனத்துக்கும் உள்ள வித்தியாசம் முதலினக் காப்பில் (கேபிடல் ரிசர்வ்) தனியாக நிற்கும். முந்தைய ஆண்டின் எண்களையும், அப்போதே இரண்டும் சேர்ந்திருந்தது போல மாற்றி எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டுப் பிறகு இரவெல்லாம் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அண்ணன் தம்பி என்கிற உறவு மட்டும் போதாது. பல பேர் சேர்ந்து கட்டுப்படுத்துகிறார்கள் என்று சொல்ல, சேர்ந்தே முடிவெடுப்போம் என்ற ஒப்பந்தம் அவர்களுக்குள் இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. தனித்தனியாக முடிவெடுக்கும் இரண்டு சகோதரர்களின் கம்பெனிகள், ஒரே வீட்டு வாசலில் போர்டு மாட்டியிருந்தாலும், பொதுக் கட்டுப்பாட்டில் வராது.

ஐஎஃப்ஆர்எஸ் 3 இந்த வகையைத் தொடுவதே இல்லை. தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. சர்வதேசத் தரநிலை வாரியம் 2020-இல் இதற்கென ஒரு விவாத அறிக்கை வெளியிட்டு, 2023-இல் அந்த வேலையைக் கைவிட்டது. ஆகவே ஐஎஃப்ஆர்எஸ் கம்பெனிகள் தாமே ஒரு கொள்கையை வகுத்துக்கொள்கின்றன. யுஎஸ் காப்பில் புத்தக மதிப்புதான்.

ஏஎஸ் 14-க்குப் பொதுக் கட்டுப்பாடு என்ற சிந்தனையே இல்லை. குடும்பமானாலும் அந்நியமானாலும் அது கேட்பது ஐந்து நிபந்தனைகளைத்தான்.

நான்காம் படி: ஏஎஸ் 14-இன் ஐந்து நிபந்தனைகள்

1990-களின் நடுவில் நடைமுறைக்கு வந்த இந்தத் தரநிலை, சேர்க்கையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று இணைவு, மற்றது கொள்முதல். இணைவு என்று சொல்ல ஐந்தும் நிறைவேற வேண்டும். கலையும் கம்பெனியின் எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் வர வேண்டும். அங்கே முக மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாத பங்குகளை வைத்திருப்பவர்கள் இங்கே பங்குதாரர் ஆக வேண்டும்; வாங்கும் கம்பெனி ஏற்கெனவே வைத்திருக்கும் பங்குகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்களுக்குக் கொடுப்பது முழுக்க ஈக்விட்டிப் பங்காகவே இருக்க வேண்டும். பங்கின் பின்னத்துக்கு மட்டும் ரொக்கம் தரலாம். அந்தத் தொழிலைத் தொடர்ந்து நடத்தும் எண்ணம் வேண்டும். கணக்குக் கொள்கைகளை ஒன்றாக்குவதற்கு அன்றி, புத்தக மதிப்பை மாற்றும் எண்ணம் இருக்கக் கூடாது.

நான் ஆர்டிகிளாக இருந்த இரண்டாம் வருடம் இப்படி ஒரு ஃபைல் வந்தது. ஐந்துக்கும் டிக் அடித்து, இணைவு முறையில் எல்லா என்ட்ரியும் போட்டு முடித்தேன். சீனியர் அக்கா புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணாவது நிபந்தனையை எதுல பார்த்தீங்க தம்பி?" என்று கேட்டார். நான் இணைப்புத் திட்டத்தின் (சேர்க்கையின் விவரமெல்லாம் எழுதி ஒப்புதலுக்குத் தாக்கல் செய்யும் ஆவணம்) முதல் பத்துப் பக்கங்களைத்தான் படித்திருந்தேன். பின்னால் ஒரு பத்தியில், ஈக்விட்டிப் பங்குதாரர்களில் சிலருக்குப் பங்குக்குப் பதில் கடன் பத்திரம் தருவதாக இருந்தது. அந்த ஒரு வரியால் முறையே மாறிவிட்டது. இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து திட்டத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன், ஏனென்றால் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்போது நம் கணக்கு. அம்பை ஐந்திலும் தேறிவிட்டால் இணைவு முறை. 180 லட்சம் சொத்தும் 80 லட்சம் கடனும் அப்படியே வரும். டவுன் கம்பெனி வெளியிட்ட பங்கு முக மதிப்பில் 80. அம்பையின் பங்கு மூலதனம் 50. வித்தியாசம் 30-ஐக் காப்பில் சரிக்கட்ட வேண்டும். பொதுக்காப்பு 30 அதோடு தீர்ந்துவிடும். இலாப நட்டக் கணக்கின் 20 மட்டும் டவுனுக்கு வரும். தாளில் எழுதி வைத்த 240-ஐத் தேடுங்கள். எங்கேயும் இருக்காது.

ஒரு நிபந்தனை தவறினாலும் கொள்முதல் முறை. 240 கொடுத்து 100 வாங்கினோம், நற்பெயர் 140 லட்சம். அதைப் பொதுவாக 5 ஆண்டுக்குள் போக்கெழுத வேண்டும். வருடத்துக்கு 28 லட்சம். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காப்பு தவிர, அம்பையின் காப்புகள் எதுவும் வராது. விலை 100-க்குக் கீழே போயிருந்தால் வித்தியாசம் முதலினக் காப்பு. இதே முறையில் புத்தக மதிப்புக்குப் பதில் நியாய மதிப்புக்கு விலையைப் பங்கிடவும் ஏஎஸ் 14 இடம் கொடுக்கிறது. எனக்கு அதுதான் சரியென்று படுகிறது. 1980-களில் வாங்கிய அம்பை நிலத்தைப் பழைய விலையில் விட்டுவிட்டு, மிச்சத்தையெல்லாம் நற்பெயர் என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது படிப்பவருக்கு எதையும் சொல்லாது.

ஐந்தாம் படி: இண்ட் ஏஎஸ் 103 கேட்கும் உழைப்பு

அந்நியர்களுக்கு இடையேயான சேர்க்கை என்றால் இண்ட் ஏஎஸ்ஸில் ஒரே வழிதான், கையகப்படுத்தல் முறை. பூலிங் என்கிற புத்தக மதிப்பு முறையை அமெரிக்கா 2001-இலும், ஐஎஃப்ஆர்எஸ் 2004-இலும் ஒழித்துவிட்டன. அதற்குமுன் அமெரிக்காவில் பூலிங் செய்ய 12 நிபந்தனைகள் இருந்தன. கம்பெனிகள் அவற்றைப் பூர்த்தி செய்வதற்காகவே பேரங்களை வளைத்தன. கொடுத்த விலை தெரியாது, நற்பெயர்ச் செலவு வராது, இலாபம் கொழுத்துத் தெரியும் என்பதுதான் ஈர்ப்பு.

முதல் வேலை, வாங்கியவர் யார் என்று தீர்மானிப்பது. பங்கு வெளியிட்டவர்தானே என்று அவசரப்படாதீர்கள். 2002-இல் ஐசிஐசிஐ நிறுவனம் தன் துணை வங்கியான ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. சட்டப்படி வங்கிதான் நீடித்தது. இந்தியக் கணக்கில் வங்கி வாங்கியதாக எழுதினார்கள். அமெரிக்கக் கணக்கிலோ உண்மையில் வாங்கியது பெரிய நிறுவனமே என்று தலைகீழாக எழுதினார்கள். ஒரே இணைப்பு, இரண்டு வாங்குபவர்கள். பேரத்துக்குப் பிறகு வாக்குகளில் யாருக்குப் பெரும்பங்கு, இயக்குநர் குழு யார் கையில் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

அடுத்து தேதி. இணைப்புத் திட்டத்தில் 'நியமிக்கப்பட்ட தேதி' என்று ஒன்று இருக்கும். அதையே கையகப்படுத்திய தேதியாக, கட்டுப்பாடு மாறிய தேதியாகக் கொள்ளலாம் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2019 ஆகஸ்ட் 21 அன்று சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது.

பிறகுதான் பெரிய வேலை. அம்பையின் ஒவ்வொரு சொத்தையும் கடனையும் அந்தத் தேதியின் நியாய மதிப்பில் எடுக்க வேண்டும். நிலமும் கட்டடமும் 80 அல்ல 130. இயந்திரம் 40 அல்ல 35. செய்து வைத்த அல்வாவும் மிக்சரும், விற்கும் விலையை ஒட்டி, 35. இதெல்லாம் புத்தகத்தில் ஏற்கெனவே இருப்பவை.

இனி புத்தகத்தில் இல்லாதவை. அம்பை கம்பெனி முப்பது வருடமாகக் கட்டிய வணிகப் பெயர் அதன் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு ரூபாய்க்கும் இல்லை, ஏனென்றால் தானே வளர்த்த பெயரைச் சொத்தாகக் காட்ட அனுமதி இல்லை. வாங்குபவர் கணக்கில் அது வந்தாக வேண்டும். தேர்வு இரண்டே கேள்விகள்: அதைத் தனியாகப் பிரித்து விற்க முடியுமா? அல்லது சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ கிடைத்த உரிமையா? பதிவு செய்த வணிகச் சின்னம் தேறிவிடும். எழுதிப் பூட்டி வைத்த பக்குவக் குறிப்பு தேறும். மொத்தக் கொள்முதல் செய்யும் கடைகளோடு போட்ட ஒப்பந்தம் தேறும். தாமிரபரணித் தண்ணீரால்தான் அந்த ருசி என்று ஊரே சொல்லும். அந்தத் தண்ணீரை யாரும் பிரித்து விற்க முடியாது, அது யாருடைய ஒப்பந்த உரிமையும் இல்லை. அடுப்படியில் நிற்கும் மாஸ்டரின் கைப்பக்குவமும் அப்படித்தான். அவற்றுக்காகக் கொடுத்த காசு நற்பெயரில் சேரும். நற்பெயர் என்பது என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வணிகச் சின்னத்துக்கு மதிப்பீட்டாளர் 45 லட்சம் போடுகிறார் என்போம்.

அப்புறம் ஒரு வழக்கு. பழைய ஊழியர் ஒருவர் பணிக்கொடை கேட்டுத் தொடுத்தது. தோற்க வாய்ப்பு குறைவு என்பதால் அம்பை அதைக் குறிப்பில் மட்டும் சொல்லியிருந்தது. இண்ட் ஏஎஸ் 103-இல், இன்றைக்குக் கடப்பாடு இருக்கிறது, அளக்கவும் முடிகிறது என்றால், பணம் வெளியே போகும் வாய்ப்பு குறைவானாலும் கடனாக ஏற்ற வேண்டும். 5 லட்சம். ஏஎஸ் முறையில் இது ஏறாது.

இப்போது கூட்டுங்கள். 100-இல் தொடங்கி 50 கூடி, 5 குறைந்து, 5 கூடி, 45 கூடி, 5 குறைய, 190. முடிந்துவிட்டதா? இல்லை. வருமான வரிக்கு இந்த உயர்த்திய மதிப்புகள் தெரியாது. வரி பழைய மதிப்பில்தான் ஓடும். உயர்ந்த 90 லட்சத்துக்கு, கணக்கு எளிமைக்காக 25 சதவீதம் என்று வைத்தால், 22.5 லட்சம் ஒத்திவைத்த வரிக் கடன், அதாவது பின்னால் கட்ட வேண்டி வரும் வரி. நிகரம் 167.5. கொடுத்த 240-இலிருந்து கழித்தால் நற்பெயர் 72.5 லட்சம். ஒத்திவைத்த வரியை விட்டால் நற்பெயர் 50 என்று வரும். புதியவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஏஎஸ் முறையில் நியாய மதிப்பில் பங்கிட்டாலும் இப்படி ஒரு வரிக் கடன் எழாது.

இந்த 72.5-ஐப் போக்கெழுதக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, மதிப்பு இறங்கிவிட்டதா என்று சோதிக்க வேண்டும். இறங்கியிருந்தால் அந்த ஆண்டே இலாபத்தில் அடி.

ஐஎஃப்ஆர்எஸ் 3-இல் இதே கணக்கு, இதே 72.5. யுஎஸ் காப்பிலும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அங்கே பட்டியலிடாத கம்பெனிகள் விரும்பினால் நற்பெயரை 10 ஆண்டுக்குள் போக்கெழுதலாம் என்று 2014 முதல் ஒரு சலுகை இருக்கிறது. சிறிய நிறுவனங்களுக்கான ஐஎஃப்ஆர்எஸ்ஸிலும் போக்கெழுதத்தான் வேண்டும். ஆயுள் கணிக்க முடியாவிட்டால் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. அதாவது சின்னக் கம்பெனிகளுக்கு நம் ஏஎஸ் 14 வைத்திருக்கும் வழியை உலகம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. எனக்கும் அதில் உடன்பாடு. வருடா வருடம் மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டுச் சோதிக்க அம்பை அளவுள்ள கம்பெனியிடம் காசு இருக்காது.

ஒரே தொழில், மூன்று இலாபம்

சேர்ந்த பிறகு முதல் ஆண்டில் அம்பைப் பகுதி, பழைய புத்தக மதிப்புப்படி, வரிக்கு முன் 25 லட்சம் சம்பாதிக்கிறது என்போம். இணைவு முறையில் 25 லட்சமும் இலாபம். புத்தக மதிப்பில் கொள்முதல் முறை செய்திருந்தால் நற்பெயர் 28 போக, 3 லட்சம் நட்டம். இண்ட் ஏஎஸ்ஸில், உயர்த்திய சரக்கு விற்றுப் போவதால் 5 குறையும். வணிகச் சின்னத்துக்கு 15 ஆண்டு ஆயுள் என்றால் 3. உயர்ந்த 50-இல் கட்டடத்துக்கு 10, அதற்கு 20 ஆண்டு என்றால் அரை லட்சம். குறைந்த இயந்திர மதிப்பால் தேய்மானம் ஒரு லட்சம் மிச்சம். ஆக 17.5 லட்சம். இரண்டாம் ஆண்டில் சரக்குச் சுமை போய்விடுவதால் 22.5.

அடுப்பும் அதே அடுப்பு, வாடிக்கையாளரும் அவர்களே. வங்கி மேனேஜர் இந்த மூன்று எண்களில் ஒன்றை மட்டும் பார்த்துத்தான் கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். எந்த முறையில் வந்த எண் என்று அவருக்கு ஒரு பத்தியில் எழுதிக் கொடுங்கள். அது நம் வேலைதான்.

ஆறாம் படி: மலிவாகக் கிடைத்தால்

விலை 240-க்குப் பதில் 150 என்று வையுங்கள். குடும்பத்தில் அவசரம், விற்றுவிட்டார்கள். 167.5 மதிப்புள்ளதை 150-க்கு வாங்கினால் 17.5 லட்சம் ஆதாயம். முதலில் எல்லா மதிப்பையும் திரும்பச் சரிபார்க்கச் சொல்கின்றன தரநிலைகள். ஏதோ ஒரு கடனை விட்டிருப்போம் என்ற சந்தேகம்தான். அதன் பிறகும் நின்றால், ஐஎஃப்ஆர்எஸ்ஸிலும் யுஎஸ் காப்பிலும் அந்த ஆண்டின் இலாபம். இண்ட் ஏஎஸ்ஸில் அது இலாப நட்டக் கணக்கைத் தொடாது. மலிவாகக் கிடைத்ததற்குத் தெளிவான காரணம் இருந்தால் பிற விரிவான வருமானம் (இலாபத்தில் சேர்க்காமல் தனியாகக் காட்டும் வருமானம்) வழியாகவும், இல்லாவிட்டால் நேரடியாகவும் முதலினக் காப்புக்குப் போகும். இண்ட் ஏஎஸ், ஐஎஃப்ஆர்எஸ்ஸின் வெறும் நகல் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஓர் இடத்தையும், பொதுக் கட்டுப்பாட்டையும் காட்டுங்கள்.

கலையாமல் பங்கு மட்டும் கைமாறினால்

அம்பை தனிக் கம்பெனியாகவே இருக்க, டவுன் அதன் 80 சதவீதப் பங்கை 192 லட்சத்துக்கு வாங்கினால் ஏஎஸ் 14-க்கு வேலை இல்லை. அங்கே, தாய்க் கம்பெனி கணக்கையும் துணை நிறுவனக் கணக்கையும் ஒன்றாகக் காட்டுவதற்கான ஏஎஸ் 21 வரும்: 192-இலிருந்து புத்தக மதிப்பின் 80 சதவீதமான 80-ஐக் கழித்து, நற்பெயர் 112. இண்ட் ஏஎஸ்ஸில் மீதி 20 சதவீதக்காரர்களையும் அளக்க வேண்டும். அவர்களை 167.5-இன் விகிதப்படி 33.5 என்று எடுத்தால் நற்பெயர் 58. நியாய மதிப்பில், 44 என்று வைத்துக்கொண்டால், 68.5. இந்த இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொரு பேரத்துக்கும் தனித்தனியாக. யுஎஸ் காப்பில் நியாய மதிப்பு ஒன்றே வழி.

படிப்படியாக வாங்குவதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயர் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949-இல் தாழையூத்தில் ஓடத் தொடங்கியது; சங்கர் நகர் என்ற பெயரே அவரால் வந்தது. 2024 ஜூனில் அல்ட்ராடெக் அந்தக் கம்பெனியின் பங்குகளில் ஏறத்தாழ 23 சதவீதத்தை வாங்கியது. டிசம்பரில் புரமோட்டர்களிடமும் அவர்களைச் சார்ந்தவர்களிடமும் இருந்து 32.72 சதவீதம் வாங்கிக் கட்டுப்பாட்டைப் பெற்றது. இப்படி இரண்டு தவணையாக வாங்கும்போது இண்ட் ஏஎஸ் 103 என்ன சொல்கிறது? கட்டுப்பாடு கிடைத்த நாளில், முன்பே வைத்திருந்த பங்கையும் அன்றைய நியாய மதிப்புக்கு மாற்றி, அதையும் விலையில் சேர்த்துத்தான் நற்பெயரைக் காண வேண்டும். ஏஎஸ் 21-இல் ஒவ்வொரு தவணைக்கும் அந்தந்தத் தேதிப்படி பார்த்துக்கொண்டு போவோம்.

ஃபைலை மூடும் முன்

திட்டத்தில் கணக்கு முறை பற்றி ஒரு பத்தி இருக்கும். அது கம்பெனிகள் சட்டத்தின் 133-ஆம் பிரிவுத் தரநிலைகளுக்கு ஒத்திருக்கிறது என்று ஆடிட்டர் சான்றளித்தால்தான், 232-ஆம் பிரிவின் கீழ் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் திட்டத்துக்கு ஒப்புதல் தரும். தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கு அது சென்னை அமர்வு. அந்தப் பத்தியை வக்கீல் பழைய திட்டத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கக்கூடும். ஒரு இண்ட் ஏஎஸ் கம்பெனியின் திட்டத்தில் ஏஎஸ் 14 என்று நின்றுவிட்டால் திருத்துவது பெரும்பாடு. தாக்கல் செய்யும் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வரிக்காரரிடமும் பேசுங்கள். நற்பெயருக்குத் தேய்மானம் கேட்கும் வழியை 2021 நிதிச் சட்டம் அடைத்துவிட்டது. கணக்கில் 140 போக்கெழுதினாலும் வரியில் அதனால் சல்லிக்காசு குறையாது. வாடிக்கையாளருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இண்ட் ஏஎஸ் கம்பெனி என்றால் டைரியில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பீடுகள் முடியாமல் தற்காலிக எண்களோடு ஆண்டை முடித்திருந்தால், கையகப்படுத்திய நாளிலிருந்து 12 மாதத்துக்குள்தான் அவற்றைத் திருத்தி நற்பெயரைச் சரிசெய்ய முடியும், அதுவும் அந்த நாளில் இருந்த நிலவரம் பற்றிப் பின்னால் கிடைத்த தகவலுக்கு மட்டும். பதின்மூன்றாம் மாதம் வரும் மதிப்பீட்டு அறிக்கை நற்பெயரைத் தொடாது. மதிப்பீட்டாளருக்கு ஒன்பதாம் மாதமே போன் பண்ணிவிடுங்கள்.